தாரையும் ஸ்விஃப்டையும் ஒப்பிட்டு ஓட்டிப் பார்ப்பது எப்படி?

மஹிந்திரா தாரும் மாருதி ஸ்விஃப்டும் ஒரே வேலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆனாலும் வீட்டுக்கு ஒரு வண்டிதான் என்னும்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன், எந்தச் சாலையில், எத்தனை பேருடன் ஓட்டப்போகிறோம் என்பதை முடிவுசெய்துகொள்ளுங்கள்.

2020இல் வந்த தாரின் 2.2 லிட்டர் டீசல் எஞ்சின் 130 குதிரைத்திறனும் 300 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (முறுக்குவிசை) தருகிறது. 2024இல் வந்த ஸ்விஃப்டின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தருவது ஏறத்தாழ 82 குதிரைத்திறனும் 112 நியூட்டன் மீட்டரும். இத்தோடு நிறுத்திக்கொண்டால் போட்டியே இல்லை என்று தோன்றும். எடையால் வகுத்துப் பாருங்கள். தார் சுமார் 1,750 கிலோ, ஸ்விஃப்ட் சுமார் 920 கிலோ என்று கொண்டால், டன்னுக்குத் தாரிடம் 74 குதிரைத்திறனும் ஸ்விஃப்டிடம் 89 குதிரைத்திறனும் இருக்கின்றன. ஆனால் எழுபது கிலோ எடையுள்ள நால்வர் ஏறி அமர்ந்தால் அது 64க்கு 68 என்று சுருங்கிவிடுகிறது. சுமை இலகுவான வண்டியைத்தான் அதிகம் வாட்டும். தாரின் முழு டார்க் எஞ்சின் நிமிடத்துக்கு 1,600 சுற்று சுற்றும்போதே கிடைத்துவிட, ஸ்விஃப்டின் எஞ்சினோ 4,300 சுற்றுவரை ஏற வேண்டும். ஆகவே தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு, குடும்பத்தோடு மலையேறப் போகும் வண்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

டயர்கள் சூடாவதற்கு முன்பே, ஓட்டுநர் பக்கக் கதவருகே ஒட்டியிருக்கும் அளவுப்படி காற்றழுத்தத்தைச் சரிசெய்யுங்கள். ஓட்டுபவர், சாலை, ஏசி எதுவும் மாறக்கூடாது. இரண்டும் மேனுவல் கியர் என்றால், வெறிச்சோடிய சாலையில் மூன்றாம் கியரிலேயே 40இலிருந்து 70 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் நேரத்தை உடன் வருபவர் குறிக்கட்டும். நின்ற இடத்திலிருந்து சீறிப் பாய்வதைவிட, பேருந்தை முந்தும்போது வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதை இது நன்றாகக் காட்டும்.

கையாளுமையில்தான் வேறுபாடு துலங்கும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலை போன்ற பாதையில், ஸ்டீயரிங்கைத் திருப்பியவுடன் ஸ்விஃப்டின் மூக்கு திரும்பிவிடும். ஏணி வடிவ இரும்புச் சட்டமான லேடர் ஃபிரேமின் மேல் உயரமாக நிற்கும் தாரோ, முதலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அந்தச் சாய்வு நிலைத்த பிறகே வளைவைப் பிடிக்கும். அதனால் பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துவிட்டு, ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்ப வேண்டும். இது குறையல்ல, அதன் இயல்பு. தாரின் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பிணைந்திருப்பதால், ஒன்று பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் அசையும். நேரான சாலையில் அந்தக் குலுக்கலை இடுப்பு உணரும்.

அதே அச்சுதான் கரடுமுரடான மண்பாதையில் சக்கரங்களைத் தரையோடு வைத்திருக்கிறது. தரையிலிருந்து 163 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள ஸ்விஃப்டின் அடிப்பாகம் கல்லில் உரசும் இடத்தை, 226 மில்லிமீட்டர் உயரத்தில் தார் அலட்சியமாகத் தாண்டும். உங்கள் அன்றாட வழியில் அப்படிப்பட்ட இடம் உண்டா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, முதலில் ஓட்டிய வண்டியையே இன்னொரு முறை ஓட்டுங்கள். இரண்டாவது வண்டிக்குப் பழகிய கையோடு அதில் உட்காரும்போது, முதல் சுற்றில் கண்ணில் படாத பலவும் தெரியவரும்.