"போகப் போகப் பழகிவிடும்" என்று சொல்லாதீர்கள்: செவிலியர்களிடையே நடக்கும் துன்புறுத்தலும் நாம் செய்யும் தவறுகளும்

நைட் டூட்டி முடிகிற நேரம். நர்ஸிங் ஸ்டேஷனில் ஹேண்டோவர், அதாவது அடுத்த ஷிஃப்டிடம் நோயாளிகளை ஒப்படைப்பது, நடக்கிறது. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன பெண், ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறாள். காலை ஷிஃப்டுக்கு வந்த சீனியர் ஒரு ஃபைலைப் பிரித்துப் பார்க்கிறார். நோயாளி உடம்பில் எவ்வளவு நீர் போனது, எவ்வளவு வெளியேறியது என்று குறிக்கும் இன்டேக் அவுட்புட் சார்ட்டில் மொத்தம் போடாமல் விட்டிருக்கிறது. "இதைக்கூடக் கூட்டத் தெரியாதா? உன்னையெல்லாம் யார் பாஸ் போட்டது?" சுற்றி நான்கு பேர் நிற்கிறோம். ஒருவர் சிரிக்கிறார். அப்புறம் அந்த சீனியர் அவள் பக்கம் திரும்பாமலே, பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கிறார்: "பன்னிரண்டாம் பெட் எப்படி இருக்கு?" பன்னிரண்டாம் பெட்டுக்காரரை ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டது அந்தப் பெண்தான்.

ஒரு நாள் நடந்தால் இதை மனக்கசப்பு என்று விட்டுவிடலாம். ஒரே ஆளைக் குறிவைத்து வாராவாரம் நடந்தால் அது துன்புறுத்தல். நான் பல வருடம் வார்டில் வேலை பார்த்தவள். அந்த நான்கு பேரில் ஒருத்தியாக நானும் நின்றிருக்கிறேன், வாயைத் திறக்காமல். துன்புறுத்துகிறவர் செய்யும் தவறு எல்லோருக்கும் தெரியும். பாதிக்கப்பட்டவரும், பார்த்துக்கொண்டு நிற்பவர்களும், வார்டுப் பொறுப்பில் இருக்கும் இன்சார்ஜும் செய்கிற தவறுகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. இது வளர்வது அந்தத் தவறுகளால்தான் என்பது என் அனுபவம்.

முதல் தவறு, இதைப் பயிற்சி என்று நினைப்பது. "நாங்களும் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டோம்" என்ற பேச்சைக் கேட்காத வார்டே இருக்காது. ஜூடித் மெய்ஸ்னர் என்ற அமெரிக்கச் செவிலியர், செவிலியர்களாகிய நாமே நம் இளையவர்களைத் தின்கிறோமா என்று 1986-லேயே ஒரு கட்டுரையில் கேட்டார். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கேள்வி பழசாகவில்லை.

திருத்துவதற்கும் துன்புறுத்துவதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. திருத்தும்போது பேச்சு வேலையைப் பற்றி இருக்கும்: "இந்த சார்ட்டில் மொத்தம் போடவில்லை, எட்டு மணி ரவுண்ட்ஸுக்கு அது வேண்டும், இப்போதே போட்டுவிடு." துன்புறுத்தும்போது பேச்சு ஆளைப் பற்றி இருக்கும், பெரும்பாலும் நாலு பேர் முன்னால். திருத்தப்பட்டவள் அடுத்த முறை அதைச் சரியாகச் செய்வாள். அவமானப்பட்டவள் அடுத்த முறை கேள்வியே கேட்க மாட்டாள்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இன்சுலின் அளவை எழுதும்போது எண்ணுக்குப் பக்கத்தில் 'யூ' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால் அது சைபர் மாதிரித் தெரிந்து, 10 யூனிட் 100 ஆகிவிடக்கூடும். அதனால்தான் அந்தச் சுருக்கமே வேண்டாம் என்று சொல்கிறார்கள். கையெழுத்து புரியவில்லை என்றால் கேட்டுவிட வேண்டும், வேறு வழியே கிடையாது. ஆனால் நேற்றுத்தான் எல்லோர் முன்னாலும் "இதுகூடத் தெரியாதா" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவள், மருந்து டிராலி முன்னால் நின்று யோசிப்பாள். கேட்கலாமா, வேண்டாமா? அந்தத் தயக்கத்தின் விலையை நோயாளி கொடுக்க வேண்டியிருக்கும்.

இஸ்ரேலில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வில், பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் 24 குழுக்களுக்கு ஒரு ஒத்திகை நடத்தினார்கள். முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தபடி, சில குழுக்களிடம் மட்டும் வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் மரியாதைக் குறைவாகப் பேசினார். நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சை தருவதிலும் அந்தக் குழுக்கள் பின்தங்கின. ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோனதை முக்கியக் காரணமாக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அறிமுகமே இல்லாத ஒருவரின் ஒரு நாள் பேச்சுக்கே இந்தப் பாதிப்பு என்றால், தினமும் கூட நிற்பவரின் பேச்சு என்ன செய்யும்?

அடுத்த தவறு, அடியும் கத்தலும் இருந்தால்தான் கணக்கு என்று காத்திருப்பது. செவிலியர்களிடையே நடப்பது பெரும்பாலும் சத்தமில்லாத வகை. கஷ்டமான நோயாளிகளையெல்லாம் ஒருவருக்கே ஒதுக்குவது. டாக்டர் மாற்றிச் சொன்ன மருந்தை அவளிடம் மட்டும் சொல்லாமல் விடுவது. டூட்டி லிஸ்டில் பண்டிகை நாளெல்லாம் அவள் பேரிலேயே விழுவது. அவள் வந்ததும் பேச்சு நின்றுபோவது. ஸ்வீடனில் இந்த விஷயத்தை முதலில் முறையாக ஆராய்ந்த ஹைன்ஸ் லேமன் இப்படி 45 செயல்களைப் பட்டியல் போட்டார். வாரம் ஒரு முறையாவது, குறைந்தது ஆறு மாதம் நடந்தால் துன்புறுத்தல் என்று கணக்கு வைத்தார். அது ஆராய்ச்சிக்கான அளவுகோல். அதைப் படித்துவிட்டு "எனக்கு நாலு மாதம்தானே ஆகிறது" என்று யாரும் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி உடம்பைப் பற்றி. இங்கேதான் நர்ஸ்களே அதிகமாக ஏமாந்துபோகிறோம். தூக்கம் வரவில்லையா, நைட் டூட்டி. தலைவலியா, சாப்பிடவில்லை. வயிற்று எரிச்சலா, நேரம் தவறிச் சாப்பிட்டது. எல்லாவற்றுக்கும் ஷிஃப்ட் மேல் பழி போட்டுவிடுகிறோம். ஷிஃப்ட் வேலையும் உடம்பைக் கெடுக்கும்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் உங்களையே கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். லீவு நாளிலும் தூக்கம் வராமல், நாளைய ஹேண்டோவர் மனதில் ஓடுகிறதா? புது டூட்டி லிஸ்ட் ஒட்டியதும் உங்கள் பேரைத் தேடுவதற்கு முன்னால் இன்னொருவர் பேரைத் தேடுகிறீர்களா? அந்தப் பேர் உங்கள் ஷிஃப்டிலேயே இருப்பதைப் பார்த்ததும் நெஞ்சு படபடக்கிறதா? அப்படியென்றால் பழியை டூட்டி நேரத்தின் மேல் மட்டும் போட முடியாது.

ஓயாத பயத்தில் உடம்பு எப்போதும் தயார் நிலையில் இருக்கிறது. கார்ட்டிசோல், அட்ரினலின் என்ற மன அழுத்த ஹார்மோன்கள் அடங்க நேரம் கிடைப்பதில்லை. தூக்கம் கெடுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, மனம் எதிலும் ஒட்டுவதில்லை. பின்லாந்தில் 5,000-க்கும் மேற்பட்ட மருத்துவமனை ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்து 2003-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நீண்ட நாள் துன்புறுத்தலுக்கு ஆளானவர்களுக்குப் புதிதாக மனச்சோர்வு வரும் வாய்ப்பு, மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கும் சற்று அதிகமாக இருந்தது. இதய, ரத்தநாள நோய்க்கான வாய்ப்பும் கூடுதலாகவே தெரிந்தது, ஆனால் உடல் பருமனைக் கணக்கில் எடுத்தபோது அந்த வித்தியாசம் குறைந்தது. டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் ஏறக்குறைய 79,000 பேரைப் பின்தொடர்ந்து 2019-ல் வந்த பெரிய ஆய்விலும் துன்புறுத்தலோடு சேர்ந்து இதயநோய் அபாயம் கூடியிருந்தது. மனசு சம்பந்தப்பட்டது மட்டும்தானே என்று தள்ளிவிட முடியாது.

நர்ஸ்களுக்கென்றே இன்னொரு ஆபத்தான தவறு உண்டு. மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அளவும் தெரியும். தூக்க மாத்திரையோ பதற்றம் தணிக்கும் மாத்திரையோ நாமே எடுத்துப் போட்டுக்கொண்டு டூட்டிக்கு வந்துவிடுகிறோம். அந்த மாத்திரைகள் பழக்கமாகிவிடும், வேலையில் கவனம் குறையும், நிஜமான காரணமும் மறைந்துபோகும். தயவுசெய்து ஒரு மருத்துவரிடம் போங்கள். போனால் "தூக்கம் வரவில்லை" என்பதோடு நிறுத்தாமல், வேலையில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அவர் அறிகுறிக்கு மட்டும்தான் மருந்து எழுதுவார். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை தலைகாட்டினாலும், ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டு உதவி தேடுங்கள்.

புகார் கொடுக்கும் விஷயத்தில் பார்த்த தவறுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். "அவர் எப்போதும் என்னைக் கேவலப்படுத்துகிறார்" என்று எழுதினால் அது நிற்காது. தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, கூட இருந்தவர்கள் யார், அதனால் வேலையில் என்ன ஆனது, இவ்வளவையும் அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆதாரம் வேண்டுமென்று கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுக்காதீர்கள், நோயாளி பேரை அந்த நோட்டில் எழுதாதீர்கள். பிறகு பிரச்சினை உங்கள் பக்கம் திரும்பிவிடும். கோபத்தில் வாட்ஸப் குரூப்பில் கொட்டுவதும் வேண்டாம், அந்த ஒரு மெசேஜைத்தான் எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள்.

அந்த நேரத்தில் வாயடைத்துப் போவதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும். பதிலை முன்னாலேயே தயார் செய்து பழகிக்கொண்டால் அது உதவும். மார்த்தா கிரிஃபின் என்ற செவிலியர் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகச் சேர்ந்த 26 பேருக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். சொல்ல வேண்டிய வாக்கியங்கள் அச்சிட்ட சிறிய அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்து மாட்டிக்கொண்டார்கள். நம் பேச்சில் அது இப்படி இருக்கலாம்: "சிஸ்டர், தப்பு இருந்தால் திருத்திக்கொள்கிறேன். தனியாகச் சொன்னால் எனக்குச் சரியாகப் புரியும்." ஒன்றுக்கு இரண்டு முறை கண்ணாடி முன்னால் சொல்லிப் பாருங்கள், குரல் நடுங்காமல் வரும்.

இன்சார்ஜ் பொறுப்பில் இருப்பவர்கள் வழக்கமாகச் செய்வது, இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்து "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்பது. சமமான இரண்டு பேருக்குள் சண்டை என்றால் அது சரி. ஒருவர் கையில் இன்னொருவரின் லீவும் மதிப்பீடும் இருக்கும்போது, அந்த அறையில் ஜூனியர் என்ன பேசுவாள்? மன்னிப்பும் அவளே கேட்டுவிட்டு வெளியே வருவாள். அதைவிட மோசம், புகார் கொடுத்தவளை வேறு வார்டுக்கு மாற்றுவது. மாற்றம் அவளுக்கு நிம்மதி தரலாம், ஆனால் அவளே கேட்டால் மட்டும்தான் அது சரி. பணியிட வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிராகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் நிறைவேற்றிய 190-ஆவது உடன்படிக்கை, ஒரே ஒரு முறை நடந்தாலும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. புகார் கொடுத்தவர்களையும் சாட்சி சொன்னவர்களையும் பழிவாங்கலிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்றும் சொல்கிறது.

"அந்த சிஸ்டர் குணமே அப்படி" என்று முடித்துவிடுவதும் தவறுதான். சூசன் ராபர்ட்ஸ் என்ற செவிலியர் 1983-லேயே எழுதினார்: மேலிருந்து அழுத்தப்படுகிறவர்கள், மேலே காட்ட முடியாத கோபத்தைப் பக்கத்தில் இருப்பவர்கள் மேல் காட்டுகிறார்கள், செவிலியர்களிடையே நடப்பதும் அதுதான் என்று. முப்பது நோயாளிக்கு இரண்டு பேர் என்று டூட்டி போட்டுவிட்டு, கனிவாகப் பேசச் சொல்லி வகுப்பு எடுத்தால் வேலைக்கு ஆகாது. அதற்காக ஆள் பற்றாக்குறையைச் சாக்காகச் சொல்லவும் விடக்கூடாது. அதே பற்றாக்குறையில் நிதானமாகப் பேசுகிற சீனியர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அந்த ஹேண்டோவருக்கு வருகிறேன். அன்றைக்கு நான் செய்த தவறு, இது அவர்கள் இரண்டு பேர் விஷயம் என்று நினைத்துக்கொண்டது. எல்லோர் முன்னாலும் சண்டை போட்டிருக்க வேண்டாம். "பன்னிரண்டாம் பெட்டை அவள்தான் பார்த்தாள், அவளே சொல்லட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குத் தைரியம் வராவிட்டாலும், உடை மாற்றும் அறையில் அவள் பையை எடுத்துக்கொண்டு நின்றபோது பக்கத்தில் போய் "நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அப்படிப் பேசியது சரியில்லை. நீ எழுதிக் கொடுப்பதென்றால் நான் சாட்சி சொல்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எந்த ஹேண்டோவரிலும், ராத்திரி பார்த்துக்கொண்டவரைப் பேச விட்டுவிட்டுத்தான் அடுத்த பெட்டுக்குப் போகிறேன்.