மகாபொலவும் பர்சரியும்: முதலில் வருமானச் சான்றிதழை நேராக்குங்கள்

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வந்து, எந்தப் பல்கலைக்கழகம், வந்தாறுமூலையா, ஒலுவிலா, பேராதனையா என்பதும் முடிவாகிவிட்டது. ஊரெல்லாம் சொல்லியாயிற்று. அடுத்த கேள்வி இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவிடமிருந்து வரும்: "மனே, மாசாமாசம் செலவுக்கு என்ன செய்யிற?"

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்காரன். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மகாபொலப் புலமைப்பரிசில் எடுத்துப் படித்தவன். இப்போது வருசத்துக்கு நாலைந்து பிள்ளைகளாவது ஃபைலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே வரிசையாக எழுதிவைக்கிறேன். தகுதி இல்லாமல் காசு கிடைக்காமல் போனவர்கள் உண்டுதான். ஆனால் தகுதி இருந்தும், ஒரு கடதாசி மற்றக் கடதாசியோடு ஒத்துப்போகாமல் மாட்டுப்பட்டவர்களைத்தான் நான் கூடுதலாகப் பார்த்திருக்கிறேன்.

எது மகாபொல, எது பர்சரி?

மகாபொல நம்பிக்கை நிதியம் 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி தொடக்கியது. ஊரூராக நடந்த மகாபொல கண்காட்சிகளும் லொத்தர் சீட்டும்தான் அதற்குக் காசு சேர்த்த வழி. வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டதும் அதே 1981 இல்தான். நம்மூர்ப் பிள்ளைகளுக்குக் கம்பஸும் புலமைப்பரிசிலும் ஒரே வருசத்தில் பிறந்தவை என்று நான் சொல்வதுண்டு.

மகாபொலவில் இரண்டு வகை: ஏ.எல். திறமைக்குக் கொடுப்பது ஒன்று, குடும்பத்தின் பொருளாதார நிலையைப் பார்த்துக் கொடுக்கும் சாதாரண வகை மற்றது. பர்சரி என்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் வழியாக, அந்தந்தப் பல்கலைக்கழகம் கொடுக்கும் அரச உதவிப்பணம். மகாபொல கிடைக்காத, ஆனால் வசதி குறைந்த பிள்ளைகளுக்கானது. இரண்டையும் ஒருவரே எடுக்க முடியாது. முழுநேர வேலையில் இருப்பவர்களுக்கும் இல்லை.

தொகை? 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவை மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், பர்சரியை 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூட்டினார்கள். வருசத்துக்குப் பத்துத் தவணை. பன்னிரண்டு என்று நினைத்துக் கணக்குப் போடாதீர்கள். அன்றைய 7,500 படி பார்த்தால் ஒரு கல்வியாண்டுக்கு 75,000. இது பெரிய காசா என்றால், இல்லை. போடிங் வாடகையைக் கொடுத்துவிட்டுப் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்காது. ஆனால் அப்பாவிடம் கேட்காமல் போட்டோ கொப்பிக்கும் பஸ்ஸுக்கும் எடுக்கிற காசுக்கு ஒரு தனி மரியாதை இருக்கிறது.

படி 1: ஒரு ஃபைல், ஒரே இடம்

பல்கலைக்கழகப் பதிவு அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஒரு ஃபைல் வாங்குங்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, ஏ.எல். பெறுபேற்றுத் தாள், தாய் தகப்பனின் அடையாள அட்டைப் பிரதிகள் அதற்குள் போகட்டும். அரச வேலையோ கம்பனி வேலையோ செய்யும் பெற்றோர் என்றால் வேலைத்தலத்திலிருந்து சம்பள விபரக் கடிதம். ஓய்வூதியம் என்றால் அதன் பட்டியல். தகப்பனோ தாயோ இல்லையென்றால் மரணச் சான்றிதழ். அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்கும் வீடு என்றால் அதற்கான ஆதாரம்.

பலர் மறக்கிற ஒன்று, தம்பி தங்கச்சிமாரின் கடதாசிகள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எத்தனை பேர், கம்பஸில் ஏற்கெனவே யாரும் இருக்கிறார்களா என்பதெல்லாம் தெரிவின்போது பார்க்கப்படும். ஆகவே அவர்களின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியும், அதிபரிடமிருந்து இன்ன வகுப்பில் படிக்கிறார் என்ற கடிதமும் வேண்டும். அதிபர் கடிதத்தைப் பள்ளிக்கூட விடுமுறைக்கு முதல் எடுத்துவிடுங்கள். விடுமுறையில் அதிபரைத் தேடி வீட்டுக்குப் போய் நிற்பது யாருக்கும் நல்லதல்ல.

படி 2: வருமானச் சான்றிதழ்

விசயமே இங்கேதான். கிராம உத்தியோகத்தர் (ஊரில் ஜீ.எஸ். என்போம்) எழுதி, பிரதேச செயலாளர் மேலொப்பம் வைக்கும் தாள் இது. மாதச் சம்பளக்காரருக்குச் சிக்கல் இல்லை, சிட்டையில் இருப்பதுதான் வருமானம். வயல், தோணி, மேசன் வேலை, கூலி என்று இருக்கும் நம் வீடுகளில்தான் பாடு.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளையும் தகப்பனும் ஜீ.எஸ்ஸின் மேசைக்கு முன்னால் நிற்கிறார்கள். அவர் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறார்: "அப்ப, வருசத்துக்கு எவ்வளவு போட?" தகப்பன் தலையைச் சொறிகிறார். "ஏதோ பாத்துப் போடுங்க ஐயா." ஜீ.எஸ்ஸும் பார்த்துப் போட்டார்: மாதம் 30,000 என்று, வருசத்துக்கு 360,000. பிள்ளையோ முதல் நாள் இரவே விண்ணப்பத்தில் தன் எண்ணத்துக்கு 180,000 என்று நிரப்பிவிட்டிருந்தாள். இரண்டுமே மெய்யான கணக்கில்லை. இரண்டும் ஒரே ஃபைலில் போனதுதான் மோசம்.

"பாத்துப் போடுங்க" என்ற சொல்லை அந்த மேசைக்கு முன்னால் சொல்லவே கூடாது. முதல் நாள் வீட்டில் அப்பாவோடு இருந்து ஒரு கொப்பித் தாளில் கணக்கை எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன்.

குத்தகை வயல் 2 ஏக்கர். பெரும்போகத்தில் ஏக்கருக்கு 25 மூடை, மூடை 65 கிலோ என்று வைப்போம். இரண்டு ஏக்கருக்கும் 3,250 கிலோ. கிலோ 120 ரூபாய்ப்படி 390,000. இது வந்த காசு, வருமானம் அல்ல. உழவு, விதைநெல், பசளை, களைநாசினி, வெட்டு மெசின், வயல்காரருக்குக் குத்தகை எல்லாம் சேர்த்து 250,000 போனால் மிச்சம் 140,000. சிறுபோகத்துக்குத் தண்ணீர் இல்லை, செய்கையும் இல்லை. அந்த நாட்களில் அப்பா மேசனுக்குக் கைவேலைக்குப் போனார்: 60 நாள், நாளுக்கு 2,500, ஆக 150,000. வருசத்துக்கு மொத்தம் 290,000.

இந்தத் தாளோடு போனால் ஜீ.எஸ்ஸுக்கும் வேலை சுகம். அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பசளைச் சிட்டை, குத்தகைத் துண்டு இருந்தால் கூடவே கொண்டுபோங்கள். அவர் ஒரு தொகையை ஏற்றுக்கொண்டு எழுதியபிறகு, விண்ணப்பத்தில் அதே தொகையை, அதே இலக்கங்களில் எழுதுங்கள். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்: முதலில் சான்றிதழ், பிறகுதான் விண்ணப்பம்.

காணி யாருடைய பெயரில் என்பதையும் கேட்டு வையுங்கள். படுவான்கரையில் பாதிக் காணி இன்னும் அம்மப்பா பெயரில்தான் கிடக்கிறது. அனுபவிப்பது மூன்று குடும்பம். உங்கள் பங்கு எவ்வளவு என்று சொல்லாவிட்டால் முழுக் காணியும் உங்கள் தலையில் ஏறும்.

இன்னொன்று. அம்மா குவைத்திலோ வாப்பா கட்டாரிலோ இருந்து காசு அனுப்பினால் அதையும் காட்டத்தான் வேண்டும். மறைத்தால் என்ன என்று கேட்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பொய் விபரம் என்று தெரிந்தால் உதவி நிற்கும், எடுத்த காசைத் திருப்பிக் கட்டவும் வரும். அனுப்பும் காசில் ஏஜென்சிக் கடன் போவது உண்மை என்றால், கடன் கடதாசியைக் காட்டி அதை ஜீ.எஸ்ஸிடம் சொல்லுங்கள்.

மேலொப்பத்துக்குப் பிரதேச செயலகம் போகும்போது கிராம உத்தியோகத்தரின் முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா, திகதி இருக்கிறதா என்று வாசலிலேயே பாருங்கள். வெல்லாவெளிக்கோ சம்மாந்துறைக்கோ இரண்டாம் தரம் பஸ் ஏறுவதைவிட அது லேசு.

படி 3: பெயர்

பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஒரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று. தர்சினி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓரிடத்தில் 'டி.எச்.' போட்டும் இன்னோரிடத்தில் 'டி' மட்டும் போட்டும் வைத்திருப்பார்கள். முகம்மது என்ற பெயரை எத்தனை விதமாக எழுதலாம் என்று கல்முனைப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். தேசிய அடையாள அட்டையில் இருப்பதை அடிப்படையாக வைத்து, மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக்கடதாசி எடுத்து ஃபைலில் வையுங்கள்.

படி 4: விண்ணப்பம்

எந்த வழியில், எந்தத் திகதிக்குள் விண்ணப்பிப்பது என்பது தெரிவு, பதிவு அறிவித்தல்களோடு வரும். இப்போது பெரும்பாலும் இணையத்தில் நிரப்பி, அச்செடுத்து, சான்றிதழ்களோடு ஒப்படைப்பதுதான். போனில் நிரப்பலாம், ஆனால் நான் கணினியைத்தான் சொல்வேன். சின்னத் திரையில் ஒரு பூச்சியம் கூடினாலும் தெரியாது. கொமினிக்கேசன் கடைப் பையனிடம் முழுவதையும் கொடுத்துவிட்டு வெளியே போய் நிற்காதீர்கள். பக்கத்தில் இருந்து ஒவ்வொரு கட்டத்தையும் வாசியுங்கள்.

வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால், நீங்கள் மெய்யாகப் போகும் பாதையின் கிலோமீற்றரை எழுதுங்கள். காகம் பறக்கும் தூரம் வேண்டாம். வாவியைச் சுற்றிப் போகிறவர்களுக்கு இது சின்ன வித்தியாசம் அல்ல.

ஒப்படைக்க முதல் முழு ஃபைலையும் பிரதி எடுங்கள். பதிவுத் தபாலில் போட்டால் துண்டை அதே ஃபைலில் குத்துங்கள்.

மகாபொலப் பட்டியலில் பெயர் வராதவர்களைப் பர்சரிக்கு எடுக்கும் ஒழுங்கு பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் கொஞ்சம் வேறுபடும். சில இடத்தில் தனி விண்ணப்பம் கோருவார்கள். முதல் கிழமையே மாணவர் நலன்புரிப் பிரிவு எந்தக் கட்டிடத்தில் என்று கேட்டு, அதன் அறிவித்தல் பலகையைப் பார்த்துப் பழகுங்கள்.

படி 5: வங்கிக் கணக்கு

சொந்தப் பெயரில், தனியாக உங்களுக்கென்று ஒரு சேமிப்புக் கணக்கு வேண்டும். சின்ன வயதில் அம்மா திறந்த சிறுவர் கணக்கு சரிவராது. எந்த வங்கி என்று அறிவுறுத்தலில் இருந்தால் அதிலேயே திறங்கள்.

இதில் நான் பட்டது ஒன்று இருக்கிறது. நான் 1 ஐ மேலே கொக்கி போட்டு எழுதுகிறவன். மண்டூரில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறி, குருமண்வெளியில் இறங்கி, களுவாஞ்சிகுடிக்குப் போய்க் கணக்குத் திறந்து, அந்த இலக்கத்தைப் படிவத்தில் என் கொக்கி எழுத்திலேயே எழுதிக் கொடுத்தேன். யாரோ அதை 7 என்று பதிந்துவிட்டார்கள். கூடப் படித்தவன்களுக்கெல்லாம் காசு வருகிறது, எனக்கு மட்டும் இல்லை. இரண்டு மாதம் வெட்கத்தில் யாரிடமும் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் போய்க் கேட்டபோது அங்கிருந்த அக்கா படிவத்தைத் தேடி எடுத்து, விரலை அந்த இலக்கத்தில் வைத்து, "தம்பி, இது என்ன?" என்றார். "ஒண்டு" என்றேன். "எனக்கு இது ஏழு" என்றார். சரிசெய்து காசு வரும்வரை கெண்டீனில் என் பெயரில் ஒரு பக்கம் நிறையக் கடன் எழுதியிருந்தது.

ஆகவே இலக்கங்களைக் கொக்கி, வால் இல்லாமல் எழுதுங்கள். வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதியையும் இணைத்துவிடுங்கள். ஒரு தவணை தவறினால் அந்த மாதமே போய்க் கேளுங்கள்.

படி 6: காசு வரத் தொடங்கும்வரையும், வந்த பிறகும்

தெரிவாகிவிட்டாலும் முதல் தவணை உடனே வராது. மாதங்கள் போகும், பிறகு சில தவணைகள் சேர்ந்தும் வரும். முதல் அரையாண்டுச் செலவுக்கு வேறு வழி பார்த்துவிட்டுத்தான் கம்பஸுக்குப் போக வேண்டும். வரப்போகும் மகாபொலவை நம்பித் தவணை முறையில் போன் வாங்கிய கதைகள் நிறைய. அவற்றை இங்கே எழுதவில்லை.

வந்த பிறகு கவனிக்க வேண்டியது வரவு. விரிவுரைகளுக்கு 80 வீத வரவைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், குறைந்தால் தவணை நிற்கும். வருசத்தைத் திரும்பப் படிக்க நேர்ந்தாலும் அந்தக் காலத்துக்குக் காசு நின்றுவிடும். காய்ச்சலில் படுத்தால் மருத்துவச் சான்றிதழை உரிய நாட்களுக்குள் ஒப்படையுங்கள். டெங்குவில் மூன்று கிழமை வீட்டில் கிடந்துவிட்டு, மருந்துத் துண்டைக்கூட வைத்திருக்காத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பட்டியலில் பெயர் இல்லையா?

காரணத்தைக் கேளுங்கள். மேன்முறையீட்டுக்கு நாள் கொடுப்பார்கள். அழுது எழுதிய நாலு பக்கக் கடிதம் அங்கே வேலை செய்யாது. விடுபட்ட கடதாசிதான் வேலை செய்யும். விண்ணப்பித்த பிறகு தகப்பன் இறந்திருந்தால், வேலை போயிருந்தால், தம்பிக்குக் கம்பஸ் கிடைத்திருந்தால், அதற்கான தாளை வைத்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள்.

பல்கலைக்கழகமே கிடைக்காதவர்களுக்கும் ஒரு சொல். கோவில்குளம், சம்மாந்துறை உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களில் சேரும் பிள்ளைகளும் மகாபொல பற்றி அங்குள்ள அலுவலகத்தில் கேட்க வேண்டும். தனியார் நிறுவனத்தில் பட்டம் படிக்க அரசின் வட்டியில்லாக் கடன் திட்டம் 2017 முதல் இருக்கிறது. அது புலமைப்பரிசில் அல்ல, படிப்பு முடிந்தபிறகு திருப்பிக் கட்டும் கடன். பிணைக்கு ஆள் வேண்டும். பெரியப்பாவையோ மாமாவையோ பிணைக்குக் கேட்பதற்கு முதல், பாடநெறி அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, அந்தப் ஃபைலை எறியாதீர்கள். அலுமாரிக்கு மேலே வையுங்கள். வீட்டில் அடுத்து ஏ.எல். எழுதப்போகிற தங்கச்சிக்கு அதில் பாதிக் கடதாசி அப்படியே உதவும். வருமானச் சான்றிதழை மட்டும் புதிதாக எடுக்க வேண்டும், அப்பாவோடு இன்னொரு கொப்பித் தாளில் கணக்குப் போட்டுக்கொண்டு.