ஊர் ஏரிக்கு விரால் குஞ்சு: கொல்லைக் குட்டையிலேயே பொரிக்க வைக்கும் முறை

வலை போட்டால் ஜிலேபிக் கெண்டையும், தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும்தான் ஏறுகிறது, விராலைக் காணோம் என்று புலம்புகிறீர்களா? கொல்லையில் சின்னக் குட்டை இருந்தால் போதும்.

முதலில் தாய் மீன், இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். எந்த ஏரியில் விடப்போகிறீர்களோ அங்கேயோ, அதே ஆற்றுப் பாசனத்தின் பக்கத்து ஏரிகளிலோ பிடித்த மீனாக இருக்க வேண்டும். புவனேசுவரத்தில் உருவாக்கிய ஜெயந்தி ரோகு என்ற கெண்டை மாதிரி, வேகமாக வளர்வதையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த மீன் விற்பனைக்கு அருமை. ஆனால் ஏரிக்கு நாம் தேடுவது அது இல்லை, வறட்சியோ நோயோ வந்தால் எது தாக்குப்பிடிக்கும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது, அதனால் அந்த ஏரி மீனிலேயே பலவிதமும் கலந்து இருக்கட்டும். ஒரே ஜோடியின் குஞ்சுகளைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். ஐந்தாறு ஜோடியாவது வையுங்கள், அடுத்த வருடம் மாற்றுங்கள். வயிறு உப்பி, ஆசனத்துளை சிவந்திருந்தால் பெண். ஒல்லியாக, துளை வெளிறி இருந்தால் ஆண்.

ஜோடிக்கு ஒரு தடுப்பு, இடுப்பளவுக்கும் குறைவான தண்ணீர், ஓரத்தில் கொஞ்சம் வேலம்பாசி என்ற நீர்ச்செடி. மேலே வலை கட்டாயம், விரால் எகிறிக் குதித்துவிடும்.

அப்புறம் மழைக்குக் காத்திருங்கள். புதுத்தண்ணீர் இறங்கினால், முட்டையிட வைக்கும் ஹார்மோன் ஊசி இல்லாமலே முட்டையிடும். பாசிக்கு நடுவே இடத்தை ஒதுக்கி இடும் முட்டைகள் மஞ்சளாக மிதக்கும். வெள்ளையாகப் போனது செத்த முட்டை. சுமார் ஒரு நாளில் பொரிந்துவிடும். கொஞ்ச நாளில் செம்மஞ்சள் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்செடுக்கும், தண்ணீர் உலை கொதிப்பது போல இருக்கும். அடியில் தாய் தகப்பன் காவல், கையை விட்டால் கடி நிச்சயம்.

சாணியும் கடலைப் பிண்ணாக்கும் ஊறவைத்துத் தெளித்தால் நுண்ணுயிர் பெருகும், முதல் தீனி அதுதான். பிறகு பொடியாக நறுக்கிய மண்புழு. வாரம் ஒருமுறை பெரியதையும் சிறியதையும் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அண்ணன் தம்பியை விழுங்கிவிடுவான்.

விரலளவு வளர்ந்ததும், புண் உள்ளதை ஒதுக்கிவிட்டு, சாயங்காலம் ஏரியின் பாசி ஓரத்தில் விடலாம். மீன்வளத்துறையிடம் முன்பே கேளுங்கள். குத்தகைக்காரரிடமும் பேசிவிடுங்கள், அவர் மறுவாரமே சின்னக் கண்ணி வலையோடு இறங்கினால் எல்லாம் வீண்.