சிரெட் பார்டர்ல நமக்கு சூப் ஊத்தினவங்களுக்கு எப்படி நன்றி சொல்றது

2022 பிப்ரவரி 24 போர் ஆரம்பிச்சப்ப நான் உக்ரைன்ல வின்னிட்சியால மெடிசின் படிச்சிட்டிருந்தேன், மார்ச் 1 விடிகாலைல சிரெட் பார்டர் தாண்டி ருமேனியாக்குள்ள கால் வச்சேன். நம்மள ஊருக்குக் கூட்டிட்டு வர இந்திய அரசாங்கம் விட்ட ஆபரேஷன் கங்கா ஃப்ளைட்ல வந்து எறங்கினதும் அரசாங்கத்துக்கு நன்றி, எம்பஸிக்கு நன்றினு எல்லாருக்கும் சொல்லியாச்சு. ஆனா அந்தப் பனில ராத்திரி பூரா நின்னு சூப் ஊத்திக் குடுத்த ஊர்க்காரங்களுக்கு நம்மள்ல எத்தன பேரு ஒரு வரி எழுதினோம்? கூட வந்த பசங்களும் அவங்க அப்பா அம்மாவும் இப்ப எழுதினா லேட் இல்லையா, எந்த அட்ரஸுக்கு அனுப்பறதுனு கேட்டுட்டே இருக்காங்க, அதான் எனக்குத் தெரிஞ்சத எழுதறேன்.

லேட்லாம் ஒண்ணும் இல்ல, எழுதுங்க.

மொதல்ல எந்த ஊர்னு கண்டுபிடிங்க. அன்னிக்கு இருந்த பதட்டத்துல பாதிப் பேருக்கு ஊர் பேரே ஞாபகம் இருக்காது, அப்ப எடுத்த ஃபோட்டோவ ஃபோன்ல தொறந்து லொகேஷன் பாருங்க, தெரிஞ்சிடும். சிரெட்டா, சுச்சாவாங்கற நகரத்துப் பக்கத்துல மிலிஷவுட்ஸா, இல்ல புக்கரெஸ்ட் கிட்ட இருக்கற ஸ்னாகோவா. ஸ்னாகோவ் மேயர் நம்ம அமைச்சர்கிட்டயே, இந்தப் பிள்ளைங்களுக்கு சாப்பாடும் தங்க இடமும் குடுத்தது நாங்கதான்னு சொன்ன வீடியோ அப்ப எல்லா குரூப்லயும் சுத்துச்சே, அவர் சொன்னது நியாயம்தான், செஞ்சது அந்த ஊரு. ஒவ்வொரு ஊர்லயும் பிரிமரியானு ஒரு ஆபீஸ் இருக்கும், நம்ம முனிசிபாலிட்டி ஆபீஸ் மாதிரி, லெட்டர அங்க அனுப்பிடுங்க. உங்களுக்கு உதவினவங்க பேரு தெரியலன்னாலும் அன்னிக்கு தேதில, நம்மளத் தங்க வச்ச ஸ்போர்ட்ஸ் ஹால்ல சமைச்சவங்களுக்குனு எழுதினா போதும், சின்ன ஊரு, யாருன்னு அவங்களுக்கே தெரியும்.

லெட்டர்ல என்ன எழுதறதுங்கறதுதான் முக்கியம். "உங்கள் உதவிக்கு நன்றி"னு மட்டும் எழுதாதீங்க, என்ன குடுத்தாங்கனு எழுதுங்க. நான் பார்டர் தாண்டறப்ப சாக்ஸ் முழுக்க நனைஞ்சு வெரல்ல உணர்ச்சியே இல்ல, டென்ட்ல ஒரு அம்மா என்ன உக்கார வச்சு ஷூவ அவங்களே கழட்டி, தன் பையில இருந்து ஒரு கம்பளி சாக்ஸ் எடுத்துப் போட்டு விட்டாங்க, அப்புறம் மணிக்கட்டுல செவப்பும் வெள்ளையும் முறுக்கின ஒரு நூலக் கட்டினாங்க. எனக்கு நம்ம ஊர் காப்புக்கயிறு மாதிரி இருந்துச்சு. அது மர்ட்சிஷோர், மார்ச் 1 அன்னிக்கு அவங்க ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்கறது, மாசம் பூரா வச்சிருந்துட்டு மரக்கிளைல கட்டுவாங்களாம். அப்ப எனக்கு இது தெரியாததால நான் கட்டல, இன்னும் பத்திரமா வச்சிருக்கேன். இதத்தான் லெட்டர்ல எழுதினேன், வேற எதுவும் பெருசா எழுதல.

ருமேனிய பாஷைல எழுதுங்க, டிரான்ஸ்லேஷன் ஆப் போதும், ஆனா சின்னச் சின்ன வாக்கியமா போடுங்க. உப்பிட்டவரை உள்ளளவும் நினைனு நம்ம மனசுல இருக்கறத அப்படியே போட்டா அர்த்தம் மாறிடும், உங்க சூப்ப நான் மறக்கலனு நேரா சொல்லிடுங்க. நன்றிங்கறதுக்கு, ஒருத்தரா எழுதினா முல்ட்சுமெஸ்க், எல்லாரும் சேந்து எழுதினா முல்ட்சுமிம். அம்மா கைப்பட தமிழ்ல நாலு வரி எழுதிக் குடுத்தா அதையும் கூட வைங்க, படிக்க முடியலன்னாலும் ஒரு தாயோட கையெழுத்துனு புரியும்.

பால்கோவா அனுப்பலாமானு நெறய அம்மாங்க கேக்கறாங்க, வேணாம்மா, பால் சேர்ந்த பொருளத் தபால்ல ஐரோப்பிய யூனியனுக்குள்ள விட மாட்டாங்க. ஒரு கைத்தறி துண்டு அனுப்புங்க. நேர்ல போற வாய்ப்பு கெடச்சா பூ வாங்கிட்டுப் போங்க, ஆனா ஒத்தப்படைல, மூணு, அஞ்சுனு. ரெட்டப்படைல பூ குடுக்கறது அங்க சாவு வீட்டுக்குத்தான். பணம் மட்டும் அனுப்பாதீங்க, கணக்குத் தீக்கற மாதிரி ஆயிடும், குடுத்தே ஆகணும்னு மனசு சொன்னா அங்க இருக்கற உக்ரைன் குடும்பங்களுக்கு என்ன தேவைனு பிரிமரியாட்ட கேட்டுட்டு செய்ங்க. அப்புறம் அன்னிக்கு எடுத்த ஃபோட்டோல அவங்க மொகம், குழந்தைங்க மொகம் இருந்தா கேக்காம நெட்ல போடாதீங்க.

உக்ரைன் பக்கத்து ஆளுங்கள விட்றாதீங்க. ஹாஸ்டல் வார்டன், நம்மள பார்டர் வரைக்கும் கொண்டு வந்து விட்டுட்டு திரும்பப் போர் நடக்கற ஊருக்கே ஓட்டிட்டுப் போன பஸ் டிரைவர். இவங்களுக்கு லெட்டர விட மெசேஜ் நல்லது, எப்படி இருக்கீங்கனு மொதல்ல கேளுங்க, நன்றி அப்புறம்.

ருமேனியாவுக்கு போஸ்ட் போய்ச் சேர நாளாகும், மார்ச் 1க்கு கெடைக்கணும்னா ஜனவரிலயே அனுப்பிடுங்க. செவப்பு வெள்ளை நூல் ரெண்டு முறுக்கி கவருக்குள்ள வச்சிடுங்க.