டிசம்பரில் ஜோடியாகத் தீம் பார்க்: காசு கரையும் இடங்கள்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்கள் சென்னையைச் சுற்றியுள்ள தீம் பார்க்குகளுக்கு மந்தமான காலம். மழை ஒரு காரணம், பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வு இன்னொரு காரணம். குழந்தை இல்லாத ஜோடிக்கும், குழந்தையை ஒரு நாள் பாட்டி வீட்டில் விட முடிந்தவர்களுக்கும் இதைவிடத் தோதான நேரம் அமையாது. ஆனால் ஆஃப் சீசன்தானே, எல்லாம் சல்லிசாக முடிந்துவிடும் என்று நம்பிக் கிளம்புகிறவர்கள்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை. டிக்கெட்டில் நூறு இருநூறு மிச்சம் பிடித்துவிட்டு, கேப், வாடகை உடை, லாக்கர், சாப்பாடு என்று அதற்கு மேல் பல மடங்கு விடுவார்கள்.

முதல் தவறு தேதியில் நடக்கிறது. "வார நாள் என்றால் காலியாக இருக்கும்" என்பது பாதி உண்மைதான். வார நாட்களில்தான் பள்ளிகள் பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டி வருகின்றன. நான்கு பஸ் வந்து நின்றால் போதும், ஞாயிற்றுக்கிழமையே தேவலை என்று ஆகிவிடும். பள்ளிகள் சுற்றுலாவைப் பற்றி நினைக்காத நாட்கள் அரையாண்டுத் தேர்வு நாட்கள். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் டிசம்பர் இரண்டாம் வாரம் தொடங்கி 23-ஆம் தேதி வாக்கில் முடியும். 24-இலிருந்து விடுமுறை; அன்றிலிருந்து புத்தாண்டு வரை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். வெள்ளிக்கிழமையும் வேண்டாம். ஓ.எம்.ஆர். எனும் பழைய மாமல்லபுரம் சாலைக் கம்பெனிகளின் டீம் அவுட்டிங் பெரும்பாலும் டிசம்பர் வெள்ளிகளில்தான் வந்து விழும். ஆக, தேர்வு வாரத்தில் ஒரு புதனோ வியாழனோ லீவு போடுங்கள். அந்த ஒரு நாள் சம்பளமும் கணக்கில் சேர வேண்டிய செலவுதான், சாதாரண விடுப்பு மிச்சமிருந்தால் அதை இதற்குப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது மழை. இதில்தான் பெரிய அடி விழும். வடகிழக்குப் பருவமழைக் கணக்கு அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை. டிசம்பர் முதல் பாதி சென்னைக்கு என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும்: 2015 டிசம்பர் 1 வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா புயல், 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாண்டஸ் புயல், 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். இரண்டாம் பாதியில் பொதுவாக மழை ஓய ஆரம்பிக்கும். தேர்வு வாரங்களும் அதே பக்கம் வருவது நமக்கு வசதி.

எந்த மாவட்டத்தின் எச்சரிக்கையைப் பார்ப்பது என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை தருகிறது. பார்க்குகளில் ஈஞ்சம்பாக்கத்து வி.ஜி.பி. சென்னை மாவட்டம். முட்டுக்காடு எம்.ஜி.எம்.மும், 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் திறந்த வண்டர்லாவும் செங்கல்பட்டு மாவட்டம். அண்ணாநகரில் வெயில் அடிக்கிறது என்று கிளம்பினால் கேளம்பாக்கம் தாண்டியதும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். அந்த மாவட்டக் கலெக்டர் பள்ளிகளுக்கு மழை விடுமுறை அறிவித்திருந்தால், "லீவுதானே, ஜாலி" என்று கிளம்புவதைவிட அபத்தம் கிடையாது.

பலத்த மழையும் காற்றும் இடியும் வந்தால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். தண்டவாளம் ஈரமானால் பிரேக் பிடிக்கும் விதமே மாறிவிடும். மின்னல் நேரத்தில் நீச்சல் குளத்திலிருந்தும் ஆளை வெளியேற்றுவார்கள். இது நம் பாதுகாப்புக்குத்தான், சண்டை போட்டுப் பயனில்லை. மழைக்காகப் பணம் திரும்ப வருமா, வேறு தேதிக்கு மாற்றித் தருவார்களா என்பது டிக்கெட்டின் நிபந்தனைகளில் இருக்கும். பணம் கட்டும் முன் அதைப் படித்துவிடுங்கள். ஒரு மாதம் முன்பே வாங்கினால் தள்ளுபடி கிடைக்கலாம். ஆனால் டிசம்பர் வானத்தை நம்பி ஒரு மாதம் முன்னால் பணம் கட்டுவது சூதாட்டம். தேதி மாற்ற வழியில்லாத டிக்கெட் என்றால் இரண்டு மூன்று நாள் முன்னால், முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு வாங்குவதே என் கட்சி.

விளம்பரத்தில் போடும் விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆளுக்கு ஆயிரம் என்று நினைத்த டிக்கெட் இரண்டு பேருக்கு 2,360 ஆகிவிடும். இருவரில் ஒருவர் இன்னும் படித்துக்கொண்டிருந்தால் கல்லூரி அடையாள அட்டைக்குத் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள், சில பார்க்குகளில் உண்டு. அப்புறம், வரிசையைத் தாண்டிப் போகும் ஃபாஸ்ட் டிராக் பாஸ். கூட்டமே இல்லாத நாளைத் தேடிப் பிடித்துப் போய்விட்டு வரிசைக்கு எதற்குக் காசு? மே மாத ஞாயிறுக்கு அது சரி, தேர்வு வாரத்துப் புதன்கிழமைக்கு வீண்.

மந்தமான நாளுக்கு அதற்கே உரிய தொல்லைகளும் உண்டு. கூட்டம் குறைவான இந்த நாட்களில்தான் சில ரைடுகளைப் பராமரிப்புக்காக மூடுவார்கள். சில ரைடுகள் ஆள் சேரும் வரை காத்திருந்து ஓடும், அலைக்குளம் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் இயங்கும். முந்தின நாள் ஒரு போன் போட்டு "நாளைக்கு எது எது ஓடாது?" என்று நேரடியாகக் கேளுங்கள். "எல்லாம் இருக்கு சார்" என்ற பதிலோடு விட்டுவிடாமல், நீங்கள் ஆசைப்படும் ரைடின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் நேர அட்டவணையை போனில் படம் எடுத்துவிடுங்கள்.

தண்ணீர் விளையாட்டை மாலைக்குத் தள்ளிப் போடுவது இன்னொரு வழக்கமான தவறு. டிசம்பரில் சென்னையில் ஐந்தே முக்கால் வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். அதற்கு முன்பே, நாலு மணிக்கு மேல் கடல் காற்றில் நனைந்த உடம்போடு நின்றால் சென்னைக்காரர்களுக்குப் பல் தந்தியடிக்கும். பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் தண்ணீரை முடித்துவிட்டு, உடை மாற்றிக்கொண்டு, சாப்பிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு ரைடுக்குப் போனால் உடம்பு கேட்கும். பிரியாணியை முடித்த கையோடு சுழலும் ரைடில் ஏறுவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பருத்திச் சுடிதார், புடவை, ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பெரும்பாலான பார்க்குகளின் குளத்தில் இறங்க விடமாட்டார்கள். நைலான் போன்ற துணியில் உடை வேண்டும். அங்கே வாடகைக்கோ விலைக்கோ கிடைக்கும், வெளியைவிடக் கூடுதலாக. தி.நகரில் முன்கூட்டியே வாங்கி வைத்தால் அடுத்த முறைக்கும் ஆகும். துண்டு, ஈரத் துணிக்குப் பிளாஸ்டிக் பை, மாற்றுச் செருப்பு எல்லாம் வீட்டிலிருந்தே போகட்டும். தங்கச் சங்கிலி, கொலுசு, மோதிரம் எதுவும் வேண்டாம். அலைக்குளத்தில் போன பொருளைத் தேடுவது நடக்காத காரியம். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லை என்றால் அன்றைக்கு மஞ்சள் கயிறு போதும், உடைக்குள் ஊக்கு போட்டுக்கொள்ளலாம்.

புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு ஒரு வார்த்தை. நாள் தள்ளிப் போயிருக்கிறதோ என்ற சந்தேகம் இருந்தால்கூட வேகமான ரைடு வேண்டாம். கர்ப்பிணிகளும் இதய நோய், கழுத்து வலி, முதுகு வலி உள்ளவர்களும் ஏறக்கூடாது என்று பலகையில் எழுதியிருப்பதை "சும்மா போட்டிருக்கான்" என்று தாண்டிப் போகாதீர்கள்.

போக்குவரத்தில் கணக்குத் தப்புவது திரும்பும்போதுதான். காலையில் நியாயமான விலைக்குக் கிடைத்த கேப், மாலை ஆறு மணிக்கு இள்ளலூரிலிருந்தோ முட்டுக்காட்டிலிருந்தோ கிடைக்காது, கிடைத்தாலும் ஒன்றரை மடங்கு கேட்கும். மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆரில் மாலை நெரிசல் வேறு. பஸ்ஸை நம்பலாம். தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் போகும் 515 இருக்கிறது. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணமே இல்லை. திருப்போரூரிலிருந்து மிச்ச தூரத்துக்கு ஆட்டோ பிடித்தால் ஏறும் முன்பே விலை பேசிவிடுங்கள், முடிந்தால் அவர் நம்பரை வாங்கி வைத்துத் திரும்பவும் அவரையே கூப்பிடலாம். பைக்கில் போகிறவர்கள் இருட்டும் முன் கிளம்பிவிடுங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட், சீட்டுக்கு அடியில் இரண்டு மழைக்கோட்டு.

காலை டிபனை வழியிலேயே முடித்துவிட்டால் உள்ளே ஒரு வேளைச் சாப்பாட்டோடு சமாளிக்கலாம். வெளிச் சாப்பாட்டைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். சாப்பாட்டோடு சேர்ந்த டிக்கெட் இருந்தால் தனித்தனி விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சில நேரம் அதுதான் லாபம்.

இரவு ஈ.சி.ஆர். எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தங்கி மறுநாளும் சுற்றலாம் என்று நினைப்பவர்கள் எந்த இடம் எந்தக் கிழமை மூடியிருக்கும் என்று பார்ப்பதே இல்லை. வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை. முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கும் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் செவ்வாய். புதன் பார்க், வியாழன் முதலைப் பண்ணையும் மாமல்லபுரமும் என்று வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது. அறை வாடகையும் வார இறுதியைவிடக் குறைவாகவே இருக்கும். தைரியமாகப் பேரம் பேசலாம்.