ஒன்ராறியோவில் பிசியோ உதவியாளர் வேலை: புதிதாக வந்தவர்களுக்கு

ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் தமிழர் போய்வரும் பிசியோ கிளினிக் ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். ஹொட் பேக் (சூட்டு ஒத்தடப் பை) வைத்துவிட்டு, "பெரியம்மா, இன்னும் அஞ்சு தரம் காலை மடக்குங்கோ" என்று பக்கத்தில் நிற்பவர் பல நேரம் பிசியோதெரபிஸ்ட் அல்ல, உதவியாளர். அமெரிக்காவில் இதே மாதிரி வேலைக்கு டெக்னீஷியன் அல்லது எய்ட் என்று பெயர். ஒன்ராறியோவில் இதற்கு லைசென்ஸ் கிடையாது. அதனால் உள்ளே வருவது சுலபம். உங்களை வைத்துப் பிழைப்பதும் சுலபம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சென்னையில் பி.பி.டி. என்ற பிசியோதெரபிப் பட்டப்படிப்பு முடித்திருந்தாலும், கொழும்பிலோ பேராதனையிலோ பட்டம் வாங்கியிருந்தாலும், ஒன்ராறியோ பிசியோதெரபிஸ்ட் கல்லூரியில் பதிவு இல்லாமல் "நான் பிசியோதெரபிஸ்ட்" என்று இங்கே சொல்லக்கூடாது. 1991ஆம் ஆண்டு பிசியோதெரபிச் சட்டம் அந்தப் பெயரைப் பாதுகாக்கிறது. (பெயர்தான் கல்லூரி, படிப்புச் சொல்லிக்கொடுக்கும் இடமல்ல, தொழிலைக் கட்டுப்படுத்தும் அமைப்பு.) பதிவு வேண்டுமானால் சி.ஏ.பி.ஆர். என்ற அமைப்பு உங்கள் படிப்பை மதிப்பிட்ட பிறகு தேர்வு எழுத வேண்டும். அது காசும் காலமும் பிடிக்கிற வேலை. எனவே வந்த கையோடு அந்த விண்ணப்பத்தை ஆரம்பித்துவிட்டு, இடைக்காலத்தில் உதவியாளராக வேலை செய்யுங்கள். "கொஞ்சம் செட்டில் ஆனதும் பார்ப்போம்" என்று தள்ளிப்போட்டால் வருஷங்கள் ஓடிவிடும்.

இந்தத் துறையில் முன்பின் படிக்காதவர்களுக்கு வழி வேறு. சின்னக் கிளினிக்குகள் ஆளைப் பழக்கி எடுத்துக்கொள்ளும். மருத்துவமனைகள் பொதுவாகக் கேட்பது, தொழில்வழிச் சிகிச்சையையும் (ஒக்கியுபேஷனல் தெரபி) பிசியோவையும் சேர்த்துப் படிக்கும் இரண்டு வருட உதவியாளர் டிப்ளோமா. சென்ரெனியல், ஹம்பர், டுர்ஹம் போன்ற அரச கல்லூரிகளில் அது இருக்கிறது. நிரந்தர வதிவுரிமை உள்ளவர்களும், அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களும் ஓசாப் என்ற மாகாண மாணவர் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். தனியார் பள்ளிகள் சில மாதப் படிப்பை விற்கின்றன. காசு கட்டுமுன், நீங்கள் போக நினைக்கும் மருத்துவமனையின் வேலை விளம்பரத்தை எடுத்து, எந்தத் தகுதி கேட்கிறார்கள் என்று படியுங்கள். அதில் இல்லாத சான்றிதழுக்குக் கடன்படாதீர்கள்.

வேலை என்னவென்றால், பாதி உடல் உழைப்பு. கட்டில் துடைப்பது, துவாய் துவைப்பது, வெந்நீர்த் தொட்டியிலிருந்து பேக்கை எடுத்துப் பல மடிப்புத் துவாயில் சுற்றி வைப்பது, மெல்லிய மின்சாரத்தால் நோவைக் குறைக்கும் ரென்ஸ் மெஷினின் பட்டைகளை ஒட்டுவது, முழங்கால் மாற்றியவர்களை இடுப்புப் பட்டி பிடித்து நடத்துவது. பேக்கை வைத்துவிட்டு போனைப் பார்க்கக்கூடாது. சில நிமிடங்களில் தோலைப் பார்க்க வேண்டும். நீரிழிவால் உணர்ச்சி குறைந்த கால் சூட்டைச் சொல்லாது. நம் வயதானவர்கள் நோவை மறைப்பார்கள். "நோகுதா ஐயா?" என்றால் "இல்லைப் பிள்ளை" என்பார், முகம் சுருங்கும். அந்த முகத்தைக் கண்டதும் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் சொல்வதுதான் உங்கள் திறமை. நோயைக் கண்டுபிடிப்பதும், சிகிச்சைத் திட்டத்தை மாற்றுவதும், கழுத்தை நெட்டி முறிப்பதும் உங்கள் வேலையல்ல. ஊரில் பத்து வருஷம் செய்திருந்தாலும் இங்கே அல்ல.

இனி, பலர் வாய் திறக்காத விஷயம். வாகன விபத்து இன்சூரன்ஸை நம்பி நடக்கும் கிளினிக்குகள் இங்கே ஏராளம். ஓ.சி.எஃப்-18 என்ற படிவத்தில் சிகிச்சைத் திட்டம் போகும், பிறகு வந்து போன நாட்களுக்கு பில் போகும். பெரும்பாலானவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்கள். ஆனால் ஆள் வராத நாளுக்கு வந்ததாகக் கையெழுத்துப் போடச் சொல்லும் இடங்களும் உண்டு. "எல்லா இடத்திலும் இப்படித்தான், தம்பி" என்பார்கள். போடாதீர்கள். அது இன்சூரன்ஸ் மோசடி. குடியுரிமை இல்லாதவருக்குக் குற்றத்தீர்ப்பு வந்தால் வதிவுரிமையிலேயே கை வைக்கும். நீங்கள் செய்த சிகிச்சையை, செய்த நேரத்தை மட்டும் எழுதுங்கள். பக்கத்தில் பிசியோதெரபிஸ்டே இல்லாத கிளினிக்கில், அவர் பெயரில் நீங்கள் எல்லாம் செய்ய வேண்டியிருந்தால் அதுவும் அப்படித்தான். வேறு இடம் பாருங்கள்.

சம்பளமும் அதுபோல. "முதலில் ஒரு மாதம் ட்ரெயினிங், அப்புறம் காசு" என்றால் சம்மதிக்காதீர்கள். முதலாளி கட்டாயமாக்கும் பயிற்சி நேரம் பொதுவாகச் சம்பளத்துக்குரிய நேரம். 2025 ஒக்டோபரிலிருந்து ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.60 டொலர். கையில் காசாகத் தந்தால் அனுபவக் கடிதம் வாங்குவதும் கஷ்டமாகிவிடும்.

காகிதங்களில் முக்கியமானது வேலை அனுமதி. சிலருடைய அனுமதியில் மருத்துவத் துறையில் வேலை செய்யக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும். சிறிய எழுத்தில் இருப்பதால் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். குடிவரவுத் துறை அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனை செய்து, அந்த நிபந்தனையை நீக்க விண்ணப்பிக்கலாம். மற்றபடி பொலிஸ் சோதனை, தடுப்பூசிப் பதிவுகள், காசநோய்ச் சோதனை, முதலுதவி மற்றும் சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு) சான்றிதழ்கள் என்று வழமையானவை. ஊரிலிருந்து புறப்படும்போதே தடுப்பூசி அட்டையைக் கொண்டு வாருங்கள். இங்கிருந்து தேடுவது பெரிய அலைச்சல்.

தேடுகிறபோது கிளினிக்கோடு நிற்க வேண்டாம். முதியோர் இல்லங்களும், ஸ்காபரோவின் ப்ராவிடன்ஸ் போன்ற மறுவாழ்வு மருத்துவமனைகளும் உதவியாளர்களை எடுக்கின்றன. மருத்துவமனையில் முழுநேர இடம் உடனே கிடைப்பது அரிது. அழைத்தால் போகும் கஷுவல் வேலையாக உள்ளே போய்விடுங்கள். உள்ளே இருப்பவர்களுக்குத்தான் பல இடங்களின் அறிவித்தல் முதலில் வரும். ரெஸ்யூமேயில் தமிழ் தெரியும் என்பதை அடியில் புதைக்காமல் மேலேயே போடுங்கள்.