பேக்கமன் ஆட்ட அலசல்: திறமையையும் அதிர்ஷ்டத்தையும் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேக்கமன் என்பது இருவர் பகடை வீசிக் காய் நகர்த்தும் பலகை ஆட்டம். ஆடி முடித்த ஒரு மேட்சை எக்ஸ்ட்ரீம் கேமன், ஜிஎன்யு பேக்கமன் போன்ற மென்பொருளில் ஏற்றினால், உங்கள் பிழை எவ்வளவு, பகடை தந்த அதிர்ஷ்டம் எவ்வளவு என்று தனித்தனியே சொல்லிவிடும். இந்த இரண்டையும் கலந்து படிப்பதில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன.

தனியாக நின்ற காயை எதிராளியின் காய் வந்து அடித்து வெளியேற்றினாலே துரதிர்ஷ்டம் என்று நினைப்பது அதில் முதலாவது. எதிராளியின் காய்க்கு ஆறு கட்டம் தள்ளி உங்கள் காய் தனியாக நின்றால், நடுவில் தடுப்பு ஏதும் இல்லாதபோது, 36 வீச்சுகளில் 17 அதை அடிக்கும். ஒரு கட்டம் தள்ளி நின்றால் 11 தான். மற்றபடி இரண்டும் சமம் என்றால், ஆறு தள்ளி வைத்ததன் நஷ்டம் உங்கள் பிழைக் கணக்கில்தான் ஏறும். அப்புறம் எதிராளிக்கு எந்த எண் விழுந்தது என்பது மட்டுமே அதிர்ஷ்டம்.

அந்த அதிர்ஷ்டத்தை அளக்க, வீசும் முன்பே 36 வீச்சுகளுக்கும் சராசரி மதிப்பு (அந்த நிலையிலிருந்து எதிர்பார்க்கக்கூடிய புள்ளி) எடுக்கப்படுகிறது. சராசரி 0.200 ஆக இருந்து, விழுந்த எண்ணைச் சரியாக ஆடினால் 0.650 கிடைக்கும் என்றால், அதிர்ஷ்டம் 0.450. அதனால் யாருக்கு எத்தனை இரட்டை (இரு பகடையிலும் ஒரே எண்) விழுந்தது என்று எண்ணுவது வீண். அடிபட்ட உங்கள் காய் பாரில் (பலகையின் நடுப்பட்டையில்) இருக்கிறது, எதிராளி தன் ஆறாம் வீட்டை இரு காய்களால் அடைத்துவிட்டார் என்றால், இரட்டை ஆறு விழுந்தும் உள்ளே நுழைய முடியாது. நல்ல ஆட்டக்காரருக்குப் பகடை எப்போதும் உதவுகிறது என்பார்கள். பல எண்கள் பயன்படும்படி காய் வைத்தவருக்கு அந்தச் சராசரியே உயர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். அது அவருடைய உழைப்பு. அதிர்ஷ்டத்தில் சேர்க்கக் கூடாது.

மென்பொருளுக்கு மென்பொருள் அளவுகோலும் மாறும். எக்ஸ்ட்ரீம் கேமன் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்குமான சராசரி இழப்பை 500 ஆல் பெருக்கிக் காட்டுகிறது. ஜிஎன்யு ஆயிரத்தால் பெருக்கிக் காட்டுகிறது. எக்ஸ்ட்ரீம் கேமனில் 5 என்பது ஜிஎன்யுவில் ஏறக்குறைய 10. நேராக ஒப்பிட்டு மனம் உடைய வேண்டாம்.

ஒரே மேட்சின் எண்ணை வைத்து யாரையும் எடைபோடுவதும் சரியல்ல. எளிய ஓட்டப் பந்தயமாகப் போன ஆட்டத்தில் யாருக்கும் பிழை குறையும். இருபுறமும் காய்கள் சிக்கிய ஆட்டத்தில் வல்லவருக்கும் கூடும். பல மேட்சுகளைச் சேர்த்து, காய் நகர்த்திய பிழையையும் டபிளிங் க்யூப் (பந்தயத்தை இரட்டிப்பாக்கும் கட்டை) பிழையையும் பிரித்துப் பாருங்கள். எதில் பயிற்சி வேண்டும் என்று அப்போது தெரியும்.